ஆறாம் நம்பர் லோரியின் பின் சக்கரம்

ஓய்வு பெற்ற மெக்கானிக்கைத் தேடி யாரும் நலம் விசாரிக்க வருவதில்லை. வண்டி கிளம்பவில்லை என்றால்தான் வருவார்கள். போன மாதம் மலாய் நாட்டு மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து வொர்க்‌ஷாப்பின் இப்போதைய போர்மன் போன் செய்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் வேறு. தோட்டத்துக்குப் புதிதாக நான்கு பிக்கப் வந்திருக்கிறதாம். மேட்டில் தானாக நிற்குமாம், இறக்கத்தில் தானாகவே வேகத்தை அடக்கிக்கொள்ளுமாம், பிரேக்கில் கோளாறு என்றால் ஓட்டுகிறவன் கண்ணெதிரே சிவப்பு விளக்கு எரியுமாம்.

"அண்ணே, வெளக்கு எரியலன்னா வண்டி நல்லாருக்குன்னு நெனச்சிக்கிறாங்க லா. குனிஞ்சி டயரப் பாக்க ஆளில்ல. நீங்க ஒரு நாள் வந்து பேசுங்க, இல்ல எழுதியாச்சும் குடுங்க" என்றார்.

பேச்சு எனக்கு வராது. முப்பத்தெட்டு வருடம் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அதனால் எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்க்கும் அறிவுரை இதில் இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு தவறுதான். அதைச் செய்தவன் நான்.

என் பெயர் ஆரோக்கியம். அப்பா இதே தோட்டத்தில் கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றியவர். பத்தொன்பது வயதில் வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் வண்டி கழுவினேன், அடுத்த இரண்டு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், அதற்கப்புறம்தான் ஒரு சக்கரத்தைக் கழற்ற விட்டார்கள். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் அப்படித்தான் கற்றார்கள்.

சொல்ல வேண்டியது தணிகாசலம் அண்ணனைப் பற்றி. அவர்தான் எங்கள் போர்மன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். குட்டையான ஆள், குரல் உயராது, சிரிப்பும் அபூர்வம். காலை ஆறு மணிக்கு, மலை முழுக்க பனி மூடி எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாத நேரத்தில், வொர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுவார். கொழுந்து லோரிகள் ஒவ்வொன்றையும் அவர் பார்த்த பிறகுதான் சாவி ஓட்டுநர் கைக்குப் போகும்.

அவர் பார்க்கும் விதம் எனக்கு மனப்பாடம். முதலில் வண்டியைத் தொட மாட்டார். டார்ச்சை அடித்து, ராத்திரி வண்டி நின்ற தரையைப் பார்ப்பார். சொட்டு இருந்தால் விரலால் தொட்டு, தேய்த்து, மோந்து பார்ப்பார். தண்ணீர் தேய்த்தால் காய்ந்துவிடும். எஞ்சின் எண்ணெய் வழுவழுப்பாக, கருப்பாக ஒட்டும். பிரேக் எண்ணெய் லேசாக இருக்கும், ஆனால் காயாது. அதற்கென்று ஒரு தித்திப்பான வாடை உண்டு. அதற்குப் பிறகு நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் புறங்கையை வைத்துத் தடவுவார். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், ஈரம் தெரியாது என்பார். அப்புறம் எஞ்சினைப் போடாமலே பிரேக்கை மூன்று முறை மிதித்து, நான்காவது முறை மிதித்தபடி இருபது வரை எண்ணுவார். கால் கொஞ்சம் கீழே போனாலும் வண்டி வெளியே போகாது. அத்தனையும் முடிந்த பிறகு வொர்க்‌ஷாப் வாசலில் இருக்கும் சரிவில் வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கைச் சோதிப்பார். ஒரு லோரிக்குப் பத்து நிமிடம். கொழுந்து காத்திருக்கிறது என்று தோட்ட மேனேஜரான துரையின் ஆபீசிலிருந்து போன் வந்தாலும் பத்து நிமிடம்தான்.

பக்கத்தில் இருக்கும் கோலா தெர்லாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்கே காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனத் தவ்க்கேயின், அதாவது முதலாளியின், பழைய பிக்கப், முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு வரும்போது மழையில் சறுக்கி, பின் சக்கரம் இரண்டும் பாதையின் விளிம்பில் வந்து நின்றுவிட்டது. இழுக்கிற கம்பிவடம் எங்கள் தோட்டத்து வண்டியில்தான் இருந்தது. உதவி கேட்டு வந்தார்கள், போனோம். சமவெளிக்குப் போகிற பெரிய லோரி காத்திருக்கிறது, செப்பாட் லா, செப்பாட் என்று தவ்க்கே மலாயில் அவசரப்படுத்தினார். தணிகாசலம் அண்ணன் பிக்கப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "சரக்கை எறக்காம நான் கம்பிய மாட்ட மாட்டேன்" என்றார். தவ்க்கே கத்தினார். அண்ணன் காது கொடுக்கவில்லை. மழையில் நாற்பது கூடை முட்டைக்கோசையும் கைமாற்றி இறக்கினோம். முன் சக்கரத்துக்குக் கல் வைத்து, கம்பியை மாட்டி, அதன் மேல் நனைந்த சாக்கைப் போட்டு, அறுந்தால் அடிக்காதபடி எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். கடைசிக் கூடை இறங்கிய சற்று நேரத்தில் பின் சக்கரத்தின் கீழே இருந்த மண் ஒரு முழம் சரிந்தது. வெறும் வண்டியாக இருந்ததால் அப்படியே நின்றது. பாரத்தோடு என்றால் என்ன ஆகியிருக்கும் என்று தவ்க்கேக்கும் தெரிந்தது. அண்ணன் கம்பியை இழுக்கச் சொல்லிக் கை காட்டினார்.

அப்படிப்பட்ட மனிதரை எனக்கு இருபது வருடத்துக்கு மேல் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வொர்க்‌ஷாப்பில் பதினொரு பேர். நான் ஒருவன்தான் வேதக்காரன். எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களை அப்படித்தான் சொல்வார்கள். அதில் வம்பு ஏதும் கிடையாது. கிறிஸ்துமஸுக்குப் பத்துப் பேரும் குடும்பத்தோடு என் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். ஆயுத பூசைக்கு நான் அவர்களோடு நிற்பேன். திருநீறு பூச மாட்டேன், சுண்டலை மட்டும் இரண்டு முறை வாங்கிக்கொள்வேன் என்று கேலி செய்வார்கள்.

ஆயுத பூசை எங்களுக்குப் பெரிய நாள். காலையிலேயே லோரிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போடுவோம். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவோம். அடுக்கிய பிறகு மறுநாள் காலைப் பூசை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. வருடம் முழுக்க உழைத்த ஆயுதத்துக்கு ஒரு நாள் ஓய்வு. வேலையில் சேர்ந்த ஐந்தாம் வருடம் நானும் என் கருவிப்பெட்டியைக் கொண்டுபோய் அந்த வரிசையில் வைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் வைத்தேன். எல்லாருக்கும் சந்தோஷம். அன்றிலிருந்து வருடா வருடம் வைத்து வந்தேன்.

பூசை முடிந்ததும் அலங்கரித்த லோரி ஒன்று மேல் டிவிஷன் லயத்துக்குப் போகும். அங்கிருக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் பொரி, சுண்டல் பாத்திரங்களோடு ஏற்றிக்கொண்டு கீழே மாரியம்மன் கோயிலுக்கு வரும். சரக்கு லோரியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள்.

நான் சொல்ல வந்த வருடத்தில் அந்த ஊர்வலத்துக்கு ஆறாம் நம்பர் லோரி. ஓட்டுநர் பெருமாள். நானும் அவனும் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள். தோட்டத்து ரோட்டின் ஒவ்வொரு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். குடிக்கிற பழக்கம் அவனுக்கு இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் சாவி கையில் இருக்கிற நாளில் குடிக்க மாட்டான்.

அன்று காலை அண்ணன் வழக்கம்போல ஆறாம் நம்பரைச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் பெருமாள் அதை எடுத்துக்கொண்டு ரிங்லெட் டவுனுக்குப் போய் வாழைக்கன்றும் பூவும் வாங்கி வந்தான். வந்ததும் வண்டியைக் கழுவினோம். மத்தியானம் பூசை ஆரம்பித்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். ஒல்லியாக இருப்பவன் என்று எப்போதும் அந்த வேலையை என்னிடம்தான் தருவார்கள்.

மூன்று சக்கரத்துக்கு வைத்துவிட்டு, இடது பின் சக்கரத்துக்கு வந்தேன். பழத்தை உள்ளே தள்ளும்போது புறங்கை டயரின் உள்பக்கத்தில் பட்டது. ஈரம். கழுவிய தண்ணீர்தான் என்று நினைத்தேன். மற்ற மூன்று சக்கரமும் காய்ந்திருக்கின்றனவே என்று உடனே தோன்றியது. விரலால் தொட்டுத் தேய்த்தேன். காயவில்லை. மோந்து பார்த்தேன். தித்திப்பு வாடை.

அந்தப் பழைய லோரிக்கு நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய். ஒரு சக்கரத்தின் பம்ப்பில் ரப்பர் கிழிந்து எண்ணெய் போனாலும் நான்கு பிரேக்கும் போய்விடும். சக்கரத்தைக் கழற்றி, ரப்பரை மாற்றி, குழாயில் இருக்கும் காற்றை எடுத்து மூட முக்கால் மணி நேரம் ஆகும். ரப்பர் அலமாரியில் இருந்தது. ஸ்பேனர் எல்லாம் சாமிக்கு முன்னால் இருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். என் பெட்டி வரிசையில் இரண்டாவதாக, சந்தனப் பொட்டோடு இருந்தது. அந்த வருடம் லயத்தில் ஒரு மனக்கசப்பும் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு ஜெபக் குழு, வீட்டிலிருந்த சாமி படங்களை எடுக்கச் சொல்லி இரண்டு குடும்பங்களிடம் பேசிவிட்டுப் போயிருந்தது. எனக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் கற்பூரம் எரியும்போது ஒரு வேதக்காரன் போய் பூசையில் வைத்த ஸ்பேனரை எடுத்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். இப்போது எழுதும்போது அது எவ்வளவு சின்ன யோசனையாகத் தெரிகிறது! அப்போது அது என் கையைக் கட்டிப் போட்டுவிட்டது.

பம்ப் கசிகிறது, ஆனால் தொட்டியில் எண்ணெய் நிறைய இருக்கிறது, ஒரே ஒரு சுற்றுதானே, நாளைக்கு முதல் வேலையாக இதைப் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது வருட மெக்கானிக் சொல்கிற பேச்சா இது? மெதுவாக மிதிக்கும்போதுதான் அது கசிவு. பயந்துபோய் மிதிக்கும்போது அது ஓட்டை. எனக்குத் தெரியாததா?

பெருமாள் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலருகே போனேன்.

"எறங்கறப்போ மெதுவா வாடா. லோ கியர்லயே வா" என்றேன்.

"நான் என்னா இன்னைக்கித்தான் லைசென்ஸ் எடுத்தேனா? போடா, போய் சுண்டல் தின்னு" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, லோரி கிளம்பிப் போனது.

அரை மணி நேரம் கழித்து மேலேயிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், ஊர்வலம் வருகிறது என்று சந்தோஷமாகத் திரும்பினார்கள். நான் மட்டும் ரோட்டுப் பக்கம் போனேன். பிறகு ஒரு சத்தம். ஹார்ன் நின்றது. நான் ஓட ஆரம்பித்தேன்.

நடந்தது இதுதான். மேல் லயத்திலிருந்து பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு பெருமாள் இரண்டாவது கியரில் இறங்கி வந்திருக்கிறான். நீர்த்தொட்டி வளைவுக்கு முன்னால் இறக்கம் இன்னும் செங்குத்தாகும். முதல் கியருக்கு மாற்றுவதற்காக பிரேக்கை மிதித்துக்கொண்டே கிளட்சையும் மிதித்தான். பிரேக் தரை வரைக்கும் போய்விட்டது. எஞ்சின் பிடிப்பும் விட்டுப்போனதால் லோரி வேகம் எடுத்தது. கியர் விழவில்லை. ஹேண்ட்பிரேக் அந்தப் பாரத்துக்கு நிற்கவில்லை. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் மண்ணும் பாறையுமாக மேடு. நம் ஊர் வண்டியில் ஓட்டுகிறவன் உட்கார்வது வலது பக்கம். பெருமாள் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான்.

பின்னால் இருந்த பதினாறு பேரும் பிழைத்தார்கள். இரண்டு பெண்களுக்குக் கை முறிந்தது, பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது ரோடு முழுக்க பொரி கொட்டிக் கிடந்தது. பெருமாளின் வலது கால் இரும்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, அங்கிருந்து கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

மோதியதில் முன்பக்கக் குழாய் அறுந்து பிரேக் எண்ணெய் எல்லாம் கொட்டிவிட்டது. போலீசிலிருந்து வந்து பார்த்தவர்கள், மோதல்தான் குழாயை அறுத்தது என்று எழுதிக்கொண்டு வண்டியை இழுத்துப்போய் வெளியே ஒரு கிடங்கில் போட்டார்கள். பின் சக்கரத்தை யாரும் கழற்றவில்லை. லோரியின் பின்தட்டில் நின்று வந்தவர்கள், வண்டி திடீரென்று லேசாகி ஓட ஆரம்பித்தது என்று சொன்னார்கள். கிளட்சை மிதித்ததால் வந்தது அது. கேட்டவர்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். பண்டிகை நாள், பெருமாள் தண்ணி போட்டிருப்பான், டீசலை மிச்சம் பிடிக்க ஃப்ரீ கியரில் விட்டிருப்பான் என்று ஒரே வாரத்தில் தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

துரை ஆபீசில் விசாரணை நடந்தது. எங்கள் துரை நம் தமிழ் ஆள்தான், ஈப்போ ஊர்ப் பக்கம். கெட்டவரில்லை, ஆனால் எழுத்தில் இருப்பதைத்தான் நம்புவார். அண்ணன் காலைச் சோதனைப் புத்தகத்தைக் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"காலையில வண்டிய யாரு செக் பண்ணது?"

"போர்மன்தான் துரை."

"கோளாறு இருந்துச்சா?"

"காலையில இல்ல, துரை."

ஆபீஸ் கிளார்க்கான கிராணி எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. அவ்வளவு கவனமாக உண்மையைச் சொன்னது என் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். என் முதல் பயம் வேலை போய்விடும் என்பது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்த பயம், ஒரு வேதக்காரன் பூசையின் மேல் பழி போட்டான் என்று காலத்துக்கும் பேசுவார்கள் என்பது.

பெருமாளின் அஜாக்கிரதைதான் காரணம் என்று முடிவெழுதப் போகிறார்கள் என்று தெரிந்தது. அப்படி எழுதினால் வேலை போகும்; வேலை போனால் லயத்து வீடும் போகும். இரண்டு நாள் கழித்து அவன் வீட்டுப் பக்கம் போனேன். அவன் மனைவி லட்சுமி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் யாரும் போகச் சொல்லல அண்ணே. சொல்றதுக்கு முன்னாடி நாமளே கெளம்பறது மரியாதை இல்லையா?" என்றாள். பிறகு கையை நிறுத்திவிட்டு, "அவரு அன்னைக்கிக் குடிக்கல. உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டாள்.

"தெரியும்மா" என்றேன்.

"நீங்க ஒரு ஆளாச்சும் தெரியும்னு சொல்றீங்களே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெருமாள் என்னைப் பார்த்ததும் காலைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கேட்காதபடி என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டான்.

"டேய், நான் பிரேக்க மிதிச்சேன்டா. தரை வரைக்கும் போச்சு. அப்டித்தான் எனக்கு ஞாபகம். ஆனா எல்லாரும் ஃப்ரீ கியருன்னு சொல்றாங்களே. படுத்துப் படுத்து யோசிக்கிறேன். ஒருவேள நான்தான் விட்டுட்டேனோ? புள்ளைங்கள ஏத்திட்டு வந்து நான்தான் விட்டுட்டேனோடா?"

கால் போனவன் அழவில்லை. அதைக் கேட்டபோதுதான் அழுதான்.

அவனிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். ஈரம், வாடை, பெட்டியில் இருந்த சந்தனப் பொட்டு, நான் யோசித்த யோசனை, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் கையை விட்டுவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அப்போ நான் விடல" என்றான். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே துரை ஆபீசுக்குப் போனேன். அண்ணனும் அங்கே இருந்தார். நின்றபடியே சொன்னேன். துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"எண்ணெய்னு தெரிஞ்சும் ஏன் வண்டிய விட்டே?"

"டூல்ஸ் எல்லாம் பூசையில இருந்துச்சு துரை. தொடத் தயங்கினேன்."

"நீ கிறிஸ்டியன். உனக்கு என்ன தயக்கம்?"

"அதனாலதான் துரை."

துரைக்கு அது புரியவில்லை. இப்படிப்பட்ட பூசையே இனி வொர்க்‌ஷாப்பில் வேண்டாம், நிறுத்திவிடுகிறேன் என்றார். நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடக்கிறது என்று தலை குனிந்து நின்றேன். அண்ணன்தான் பேசினார்.

"பூசை ஒண்ணும் பண்ணல துரை. எண்ணெய் ஒழுவற வண்டிய ஓட்டச் சொல்லி எந்தச் சாமியும் கேக்கல. டூல்ஸ் ஒண்ணு விடாம அடுக்கறது நான் வச்ச வழக்கம். தப்புன்னா அது எங்க ரெண்டு பேரு தப்பு. அப்டியே எழுதுங்க."

கிடங்கில் கிடந்த லோரியின் இடது பின் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார்கள். பம்ப்பின் ரப்பர் கிழிந்திருந்தது. பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறி உப்பியிருந்தன. ஒரு மோதலில் அப்படி ஊறாது என்று பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. பெருமாள் மேல் குற்றமில்லை என்று முடிவானது. வீடு அவனுக்கே இருந்தது. கால் ஆறிய பிறகு பேக்டரியில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். லட்சுமி சாக்குகளை அவிழ்த்தாள். என்னை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். குறைச்சல்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

துரை ஆபீசிலிருந்து வொர்க்‌ஷாப் வரைக்கும் அன்று நானும் அண்ணனும் ஒன்றாக நடந்து வந்தோம். வாசல் சரிவுக்கு வந்ததும் அவர் நின்றார்.

"நீ வந்து என் காதுல ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கற்பூரத் தட்டக் கீழ வச்சிட்டு நானே போய் ஸ்பேனர எடுத்திருப்பேன் ஆரோக்கியம்."

நான் தலையசைத்தேன்.

"சொல்லிப் பாத்து நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா அது வேற. நீ சொல்லவே இல்ல. நான் மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்ட. இத்தன வருசம் என் கூட வேல செஞ்சிட்டு, என்னைப் பத்தி நீ நெனச்சிருந்தது அவ்வளவுதான்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். முட்டைக்கோசு நாற்பது கூடையையும் இறக்க வைத்த மனிதர் இவர். இருபது வருடம் நான் அவர்களுக்குக் கொடுத்த மரியாதை என்று எதைப் பெருமையாக நினைத்திருந்தேனோ, அதற்குள் ஒரு அவநம்பிக்கை ஒளிந்திருந்தது. அவர்கள் என்னை வெளி ஆளாக நினைக்கவில்லை. நான்தான் அவர்களை அப்படி நினைத்திருந்தேன்.

அடுத்த வருடம் ஆயுத பூசை வந்தது. ஊர்வலத்துக்கு லோரி வேண்டாம், எல்லாரும் நடந்து போவோம் என்று முடிவு செய்திருந்தார்கள். ஒரு கருவிப்பெட்டி மட்டும் பூசையில் சேராமல் வெளியே இருக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னார். யாருடைய பெட்டி என்று யாரும் கேட்கவில்லை. வொர்க்‌ஷாப்பில் இருப்பது ஒரே ஒரு வேதக்காரன். நானாகவே என் பெட்டியைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தேன்.

அண்ணன் வந்து பார்த்தார். என் பெட்டியை எடுத்துப்போய் சாமிக்கு முன்னால் வைத்து, சந்தனப் பொட்டு வைத்தார். பிறகு வரிசையின் தலைமாட்டில் இருந்த தன்னுடைய பெட்டியை எடுத்தார். முப்பது வருடமாக அந்த இடத்தில் இருந்த பெட்டி அது. அதைக் கொண்டுவந்து வாசலில், எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்தார்.

"இன்னைக்கு எந்த வண்டிக்கு என்னா ஆனாலும் இதுல இருந்து எடுங்க. யாரையும் கேக்க வேணாம்" என்றார்.

பெருமாள் கட்டைக்காலோடு முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தான்.

"நல்ல யோசன அண்ணே. போன வருசமே வச்சிருக்கலாம்" என்றான்.

கோபமில்லாமல்தான் சொன்னான். அண்ணன் கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தார். பூசை ஆரம்பித்தது.